தினியாவை அடையாளம் காண்பது எப்படி: எட்ருஸ்கர்களின் வானக் கடவுளைத் தேடிப் போகிறவர்களுக்கு

ரோம், ஃபிளாரன்ஸ், போலோன்யா பக்கம் போகிறவர்கள் அருங்காட்சியகத்தில் எட்ருஸ்கர் கூடத்தைப் பெரும்பாலும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாடி வைத்த ஒருவர் கையில் மின்னலோடு நின்றால் "ஜீயஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார்கள். இணையத்தில் படம் பார்க்கிறவர்களும் அப்படித்தான். எட்ருஸ்கர் செய்த பொருளில் அப்படி நிற்பவர் ஜீயஸ் இல்லை, தினியா. கிரேக்க ஜீயஸின் உருவத்தை எட்ருஸ்கர்கள் வாங்கிக்கொண்டார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உருவத்துக்குள் அவர்கள் வைத்திருந்த கடவுள் வேறு மாதிரியானவர், நினைத்தபடி இடியை வீச முடியாதவர், மற்ற தெய்வங்களைக் கலந்து பேசியே பெரிய காரியம் எதையும் செய்பவர். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் எப்படிப் புரிந்துகொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சின்ன முன்கதை தேவை. இன்றைய டஸ்கனி, உம்ப்ரியாவின் மேற்குப் பக்கம், ரோமுக்கு வடக்கே உள்ள லாட்சியோ, இவைதான் எட்ருஸ்கர்களின் மண். கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து கி.மு. 1ஆம் நூற்றாண்டுக்குள் ரோமோடு முழுசாகக் கரைந்துபோகும் வரை அவர்கள் பேசிய மொழி லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் சொந்தமில்லாத தனி மொழி. எழுத்து இருந்தது, சமய நூல்கள் நிறைய இருந்தன, ஆனால் அந்த நூல்களில் பெரும்பாலானவை நம் கைக்கு வரவில்லை. அதனால் தினியாவைத் தேட இரண்டே வழிகள்: மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருட்கள், அப்புறம் ரோமானியர்கள் லத்தீனில் எழுதிவைத்த செய்திகள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி ஆள்தான் தெரிவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் பெயரைப் படிக்கப் பழகுங்கள்

எட்ருஸ்க எழுத்து கிரேக்க எழுத்திலிருந்து வந்தது, ஆனால் பெரும்பாலும் வலமிருந்து இடமாக ஓடும். தினியா என்ற பெயருக்கு ஐந்தே எழுத்துகள்தான், அதில் இரண்டு வெறும் நேர்கோடு. வலது ஓரத்தில் ரோமன் 'டி' மாதிரி, குறுக்குக்கோடு சற்றுச் சாய்ந்த ஒரு எழுத்து இருக்கும். அடுத்து ஒரு நேர்கோடு, பின்னால் திரும்பிய 'என்', மறுபடியும் ஒரு நேர்கோடு, கடைசியில் 'ஏ'. கொஞ்ச நேரம் பார்த்தால் யாருக்கும் பிடிபட்டுவிடும், மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதுகிறவரைப் பொறுத்து தின், தினா என்றும் வரும். 'தின்ஸ்' என்று முடிந்தால் 'தினியாவுடைய' என்று பொருள். 'தின்ஸ்க்வில்' என்று சேர்ந்து வந்தால் அது தினியாவுக்குக் கொடுத்த காணிக்கை.

இந்தப் பெயரைத் தேட நல்ல இடம் வெண்கலக் கைக்கண்ணாடிகள். முகம் பார்க்கும் பக்கம் வழவழப்பாக இருக்கும், பின்பக்கத்தில் கூர்முனையால் கீறிய சித்திரம் இருக்கும், உருவங்களின் பக்கத்திலேயே அவரவர் பெயரும் பொறித்திருக்கும். எட்ருஸ்கத் தெய்வங்களின் பெயர்களில் பலவற்றை நாம் இந்தக் கண்ணாடிகளிலிருந்துதான் தெரிந்துகொண்டோம். கல்லறைகளில், அதிலும் பெண்களின் கல்லறைகளில் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: வட்ட விளிம்பை ஒட்டி எழுதும்போது எழுத்து வளைந்து ஓடும், சில சமயம் திசையும் மாறும். படத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

போலோன்யாவின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் 'கோஸ்பி தட்டு' என்ற பெயரில் ஒரு கண்ணாடி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் கோஸ்பி என்ற சேகரிப்பாளரிடம் இருந்தது, அந்தக் காலத்தில் இவற்றைப் படையல் தட்டு என்று நினைத்தார்கள், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நடுவில் தினியா உட்கார்ந்திருக்கிறார். அவர் தலையிலிருந்து மென்ர்வா, கிரேக்கர்களின் அதீனா, கவசமும் ஆயுதமுமாக வெளியே வருகிறாள். இரண்டு பக்கமும் தல்னா, தன்ர் என்ற இரண்டு பெண் தெய்வங்கள், பிரசவம் பார்க்கிறவர்கள் போல அவரைத் தாங்கிக்கொண்டு. ஓரத்தில் கொல்லர் தெய்வம் செத்லன்ஸ், தலையைப் பிளந்த கோடரியோடு. ஜீயஸ் தலையிலிருந்து அதீனா பிறந்த கிரேக்கக் கதைதான் இது. ஆனால் தல்னாவும் தன்ரும் எட்ருஸ்கர்களின் சொந்தத் தெய்வங்கள். கதையை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டு, அதில் தங்கள் வீட்டு ஆட்களை நிறுத்தியிருக்கிறார்கள். எட்ருஸ்கக் கண்ணாடி எதைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: கிரேக்கக் கதையில் இல்லாத ஆள் இதில் யார்?

தாடியை நம்பாதீர்கள்

தாடியும் செங்கோலும் இருந்தால்தான் தினியா என்றில்லை. தாடியில்லாத இளைஞனாகவும் அவரை வரைந்திருக்கிறார்கள், பெயர் எழுதியிருப்பதால்தான் நமக்கே தெரிகிறது. கையில் மின்னல் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு தண்டு, இரண்டு முனையிலும் கூர்கள் விரிந்திருக்கும். ஆனால் அதுவும் தனியாகப் போதாது. எட்ருஸ்கர் கணக்கில் மின்னல் வீசும் உரிமை ஒன்பது தெய்வங்களுக்கு உண்டு என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். மென்ர்வா மின்னலோடு நிற்கும் உருவங்களும் இருக்கின்றன. அதனால் மின்னல், பெயர், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவுக்கு வாருங்கள். பக்கத்தில் ஊனி இருந்தால் அது அவர் மனைவி, ரோமானியர்களின் ஜூனோ.

பெயரே இல்லாமல் அடையாளம் காண வேண்டிய இடமும் உண்டு. ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் பிர்கி கோயிலின் சுடுமண் சிற்பம் இருக்கிறது, கி.மு. 470-460 வாக்கில் செய்தது. பிர்கி என்பது செர்வெத்தெரி நகரத்தின் பழைய துறைமுகம், இன்றைய சான்தா செவெராவுக்குப் பக்கத்தில். கோயில் கூரையின் நடு உத்தரத்து முனையை மூடுவதற்காகச் செய்த பலகை அது, உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும், முதல் பார்வையில் ஒன்றுமே புரியாது. கீழே இருந்து தொடங்குங்கள். கிரேக்கக் கதையில் வரும் தீபஸ் போரில் தைதியஸ் என்ற வீரன் எதிரி மெலனிப்பஸின் தலையைக் கடிக்கிறான். அவனுக்குச் சாகாவரம் தரும் மருந்தைச் சின்னக் கலத்தில் கொண்டுவந்த மென்ர்வா அதைப் பார்த்து அருவருத்துத் திரும்பிவிடுகிறாள். நடுவில் தினியா, கபனியஸ் என்ற வீரன் மேல் மின்னலை ஓங்கியபடி. தெய்வத்தால்கூடத் தன்னைத் தடுக்க முடியாது என்று கொக்கரித்தவன் அவன். கபனியஸின் வாய் திறந்திருப்பதைப் பாருங்கள். நான் தினியாவைப் பற்றி யாருக்காவது ஒரே ஒரு படம் காட்டலாம் என்றால் இதைத்தான் காட்டுவேன்.

கல்லீரலைப் படிப்பது

அடுத்தது பியாச்சென்சா கல்லீரல். இது இல்லாமல் தினியா புரியமாட்டார். 1877இல் வட இத்தாலியில் பியாச்சென்சாவுக்குப் பக்கத்துக் கோசொலெங்கோவில் வயல் உழுத விவசாயி ஒருவர் கண்டெடுத்த வெண்கலத் துண்டு. ஆட்டுக் கல்லீரலின் வடிவம், 126 மில்லிமீட்டர் நீளம், 76 அகலம், உள்ளங்கையில் அடங்கிவிடும். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 1ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மேல்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தெய்வங்களின் பெயர் எழுதியிருக்கிறது. பலியிட்ட ஆட்டின் கல்லீரலைப் பார்த்துக் குறி சொல்கிறவர்கள் இப்படிப்பட்ட மாதிரி உருவங்களை வைத்துக்கொண்டு படித்திருக்க வேண்டும்.

இதைப் பார்க்கும்போது நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மேடுகளில் மனம் போய்விடும். அதை விட்டுவிட்டு விளிம்புக்கு வாருங்கள். விளிம்பைச் சுற்றி 16 கட்டங்கள். வானத்தை எட்ருஸ்கர்கள் 16 பாகமாகப் பிரித்தார்கள் என்று பிளினி சொல்கிறாரே, அந்தப் பதினாறுதான் இது. வானம் அப்படியே கல்லீரலில் இறங்கியிருக்கிறது. அந்தப் பதினாறில் அடுத்தடுத்த மூன்று கட்டங்களில் தின் என்ற பெயர் இருக்கிறது. ஒன்றில் கிலென்ஸ் என்ற தெய்வத்தோடு, அடுத்ததில் துஃப் என்ற சுருக்கப் பெயரோடு, மூன்றாவதில் நீரின் கடவுளான நெத்துன்ஸின் பெயரோடு. நான்காவது கட்டம் ஊனிக்கு. வானக் கடவுள் என்றதும் முழு வானமும் அவருக்கு என்று நினைத்துக்கொள்வோம். இங்கே அவருக்கு மூன்று பாகம், அந்த மூன்றிலும்கூட வேறு பெயர் பக்கத்தில் இருக்கிறது. மீதி வானத்தில் திராட்சைக் கொடியின் கடவுள் ஃபுஃப்லுன்ஸ், செல்வான்ஸ், இப்படி மற்றவர்கள் குடியிருக்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பினால் சூரியனும் நிலாவும், உசில், திவ்ர் என்ற பெயர்களில்.

இந்தப் பட்டியல் ஒருவர் கற்பனை இல்லை என்று எப்படித் தெரியும்? கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த மார்சியானஸ் கபெல்லா என்ற லத்தீன் எழுத்தாளர், வானத்தின் 16 பகுதிகளிலிருந்தும் தெய்வங்களை ஒரு கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அங்கேயும் ஜூபிட்டர், அதாவது ரோமானியர்கள் தினியாவுக்கு நேராக வைத்த கடவுள், முதல் மூன்று பகுதிகளில் வருகிறார். கல்லீரல் செய்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆனபின்னும் அந்த வானப் படம் புத்தகங்களில் தங்கியிருக்கிறது. எல்லாப் பெயரும் ஒத்துப்போகாது, கல்லீரலின் எந்த முனை வடக்கு என்பதிலும் ஆய்வாளர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. ஆனாலும் பொருத்தம் பார்க்கும் அளவுக்கு ஒற்றுமை இருக்கிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தின் எட்ருஸ்கப் பிரிவில் வுல்சி ஊரில் கிடைத்த கண்ணாடி ஒன்று, கி.மு. 400 வாக்கில் செய்தது. கல்காஸ் என்ற குறிசொல்லி ஒரு காலைப் பாறை மேல் தூக்கி வைத்து, இடது கையில் கல்லீரலைப் பிடித்துக் குனிந்து பார்க்கிறார். தாடி வைத்த அந்த மனிதருக்கு முதுகில் இறக்கை. வெண்கலக் கல்லீரலை எப்படிக் கையில் ஏந்தியிருப்பார்கள் என்பது அந்தப் படத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

வானத்தை நீங்களே பிரித்துப் பார்க்கலாம்

சரி, இப்போது கையில் இருக்கிற ஃபோனை எடுங்கள், திசைகாட்டியைத் திறங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் மொட்டை மாடிக்குப் போகாதீர்கள், ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்தாலே போதும்.

பிளினி சொல்லும் முறை இது. வடக்கிலிருந்து தொடங்கிக் கிழக்கு வரை நான்கு பாகம், கிழக்கிலிருந்து தெற்கு வரை நான்கு, தெற்கிலிருந்து மேற்கு வரை நான்கு, மேற்கிலிருந்து திரும்ப வடக்கு வரை நான்கு. ஒவ்வொரு பாகமும் 22.5 பாகை. திசைகாட்டியில் 0 முதல் 22.5 வரை முதல் பகுதி, 45 வரை இரண்டாவது, 67.5 வரை மூன்றாவது. கல்லீரலின் முதல் கட்டத்தை வடக்கோடு பொருத்துகிறவர்கள் கணக்குப்படி இந்த மூன்றும் தினியாவின் பாகம், அங்கிருந்து கிழக்கு வரை ஊனியின் பாகம்.

தெற்கே பார்த்து நில்லுங்கள். இப்போது கிழக்கு உங்கள் இடது கைப்பக்கம். கிழக்குப் பாதியின் எட்டுப் பகுதிகளை இடது என்றும், மேற்குப் பாதியின் எட்டை வலது என்றும் சொன்னார்கள். சூரியன் உதிக்கும் பக்கம் என்பதால் இடது பக்கத்து மின்னல் நல்லது. எல்லாவற்றிலும் பயந்தது மேற்குக்கும் வடக்குக்கும் இடைப்பட்ட மூலையை. இதோடு நின்றுவிடக் கூடாது, மின்னல் எங்கே கிளம்பியது என்பதோடு எங்கே திரும்பிப் போனது என்பதையும் பார்த்தார்கள். முதல் பகுதியிலிருந்து வந்து அதே பகுதிக்குத் திரும்பினால் அதைவிடப் பெரிய நற்குறி கிடையாது. ரோமானியச் சர்வாதிகாரி சுல்லாவுக்கு அப்படி ஒரு குறி கிடைத்ததாகப் பிளினி எழுதுகிறார்.

மின்னல் தெரியாமல் இடி மட்டும் கேட்டால் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். எந்த மாதம் எந்த நாளில் இடித்தால் என்ன பலன் என்று ஆண்டு முழுவதற்கும் ஒரு நாட்காட்டி. ஜூனில் தொடங்கும். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் நிகிடியஸ் ஃபிகுலஸ் என்ற ரோமானியர் லத்தீனில் எழுதியதை, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஜான் லிடஸ் கிரேக்கத்தில் பெயர்த்து வைத்ததால் தப்பிப் பிழைத்தது. விளைச்சல், நோய், ஊர்ச் சண்டை, பெரிய மனிதர்களின் வீழ்ச்சி எல்லாம் அதில் வரும். மொழிபெயர்ப்பு கிடைத்தால் ஒரு மாதத்தையாவது படித்துப் பாருங்கள், கோயிலுக்கு வெளியே எட்ருஸ்கர்கள் எதைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள் என்பது அதில் தெரிகிறது.

மூன்று மின்னல்கள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். தினியாவை ஜீயஸிடமிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். ரோமானியத் தத்துவ அறிஞர் செனெகா, எட்ருஸ்கக் குடும்பத்தில் வந்த சீசினா எழுதியதை வைத்துக்கொண்டு, ஜூபிட்டரிடம் மூன்று வகை மின்னல் இருப்பதாக எட்ருஸ்கர்கள் நம்பியதை விளக்கியிருக்கிறார். முதல் வகையை அவரே தன் விருப்பப்படி வீசலாம், அது மென்மையானது, எச்சரிக்கை மட்டும். இரண்டாவதை வீச வேண்டுமானால் 12 தெய்வங்களைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்க வேண்டும். அதனால் நன்மையும் வரலாம், ஆனால் சேதம் இல்லாமல் வராது. மூன்றாவதற்கு இன்னும் மேலே போக வேண்டும், 'மறைந்திருக்கும் மேலான தெய்வங்கள்' என்று ஒரு கூட்டம், அவர்களுக்குப் பெயரும் கிடையாது, எத்தனை பேர் என்ற கணக்கும் கிடையாது. அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அந்த மின்னல் விழும். விழுந்த இடத்தை அழிக்கும், ஒரு வீட்டின் நிலையையோ நாட்டின் நிலையையோ இருந்தபடி இருக்கவிடாது.

அழிவு பெரிதாக ஆக, அவருடைய தனி அதிகாரம் குறைகிறது. பயமுறுத்தலாம், தனியாக அழிக்க முடியாது. அதிகாரத்தில் இருக்கிறவர்களுக்குப் பாடமாகவே இப்படி வைத்தார்கள் என்று செனெகாவே சொல்கிறார்: மின்னலைக்கூடக் கலந்து பேசாமல் வீசுவதில்லை என்றால் மனிதர்கள் எம்மாத்திரம் என்று. அது செனெகாவின் விளக்கம், எட்ருஸ்கர்கள் அப்படித்தான் நினைத்தார்களா என்பது வேறு. ஆனால் உலகத்து இடிக் கடவுள்களில் இப்படிக் கையைக் கட்டிக்கொண்ட ஒருவரை வைத்துக் கும்பிட்டவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இன்னொரு இடத்தில் செனெகா எழுதுவதும் நினைவில் இருக்கட்டும். மேகங்கள் மோதுவதால் மின்னல் உண்டாகிறது என்பது நம் எண்ணம், மின்னல் வர வேண்டும் என்பதற்காகவே மேகங்கள் மோதுகின்றன என்பது அவர்கள் எண்ணம் என்கிறார்.

இதையெல்லாம் படித்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அத்ரியாட்டிக் கரையில் உள்ள பெசாரோ நகரத்தில் லத்தீனிலும் எட்ருஸ்கத்திலும் எழுதிய ஒரு கல்லறைக் கல் கிடைத்திருக்கிறது. கஃபாத்தியஸ் என்பவருடையது. அவரை ஈரல் பார்ப்பவர், மின்னல் பார்ப்பவர் என்று லத்தீனில் தெளிவாக எழுதியிருக்கிறது. எட்ருஸ்கப் பக்கத்தில் அதற்கு நேரான பட்டங்கள் 'நெத்ஷ்விஸ் த்ருத்ன்வ்த் ஃப்ரொன்தக்'.

தரையிலும் தேடுங்கள்

வானத்தோடு தினியா முடிந்துவிடுவதில்லை. வெகோயா என்ற பெண் தெய்வம் சொன்னதாக ஒரு வாக்கு, ரோமானிய நில அளவையாளர்களின் ஏடுகளுக்குள் நுழைந்து தப்பியிருக்கிறது. கடல் வானத்திலிருந்து பிரிந்தபின் ஜூபிட்டர் எட்ருஸ்கர்களின் நாடான எட்ரூரியா மண்ணைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, வயல்களை அளந்து எல்லை குறிக்கச் சொன்னார் என்கிறது. காரணம், மனிதனின் மண்ணாசை அவருக்குத் தெரியும். எல்லைக் கல்லை நகர்த்தினால் குடும்பம் அழியும், புயலும் ஆலங்கட்டியும் விளைச்சலை அடிக்கும், ஊருக்குள் கலகம் வரும் என்று தண்டனைகளும் வரிசையாக இருக்கின்றன.

வெறும் வாக்காக மட்டும் நிற்கவில்லை இது. துனிசியாவில், துனிஸ் நகரத்துக்குத் தெற்கே மிலியான் ஆற்றுப் பள்ளத்தாக்கில், எட்ருஸ்க மொழியில் எழுதிய எல்லைக் கற்கள் கிடைத்திருக்கின்றன. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் இத்தாலியை விட்டுப் போய்க் குடியேறியவர்கள் நட்டவை. அந்தக் கற்களில் 'தின்ஸ்' என்ற பெயர் இருக்கிறது. கடல் தாண்டிப் போய்ப் புது நிலம் அளந்தபோதும் இந்தக் கடவுளின் பெயரில்தான் எல்லை போட்டிருக்கிறார்கள்.

எங்கே போவது

நாள் குறைவாக இருந்தால் ரோமின் வில்லா ஜூலியாவுக்கு மட்டும் போங்கள், பிர்கி சிற்பத்துக்காக. பியாச்சென்சா கல்லீரல் அந்த ஊரிலேயே ஃபர்னேசே மாளிகையில் இருக்கிறது, மிலானிலிருந்து ரயிலில் போய்த் திரும்பிவிடலாம். போலோன்யாவில் கோஸ்பி தட்டைப் பார்த்தால் பக்கத்தில் மார்சபோத்தோவுக்கும் போய் வாருங்கள். ரெனோ ஆற்றங்கரையில் ஒரு முழு எட்ருஸ்க நகரத்தின் தரைப்படம் வெளியே தெரிகிறது, தெருக்கள் நேர்த்திசைகளை ஒட்டி ஓடுகின்றன. அங்கே 2000க்குப் பின் தோண்டி எடுத்த கோயில் தினியாவுடையது என்பது, அவர் பெயர் பொறித்த ஒரு பானைத் துண்டால் உறுதியானது.

ஃபிளாரன்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் அரெட்சோ கிமேரா இருக்கிறது. சிங்க உடல், முதுகில் ஆட்டுத் தலை, வாலில் பாம்பு. 1553இல் அரெட்சோவில் கோட்டைச் சுவர் கட்டும்போது கிடைத்த வெண்கலச் சிலை, வயது கி.மு. 400 வாக்கில். எல்லோரும் அந்தப் பாம்பு வாலைத்தான் படம் எடுக்கிறார்கள், ஆனால் வால் 18ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. நீங்கள் முன்பக்கம் வந்து வலது முன்னங்காலைப் பாருங்கள். சிலையை வார்ப்பதற்கு முன்பே பொறித்த பெரிய எழுத்துகள், வலமிருந்து இடமாக: தின்ஸ்க்வில். சிலையில் தினியா உருவம் எங்கும் இல்லை, ஆனால் இது முழுக்க அவருக்குக் கொடுத்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும் கோணத்தில் நின்று பார்த்தால் எழுத்து நன்றாகத் தெரியும், ஃபிளாஷ் போடாதீர்கள்.